திங்கள், புதன், சனி

அத்தியாயம் 4

"சிம்பிளான கேசு மேடம். நாம தேடுறது எழுதத் தெரிஞ்ச ஒரு மீனவன். ஹார்பர்ல நின்னு, 'இங்க கவிதை சொல்லிக்கிட்டே வலை இழுக்கிறது யாருப்பா'ன்னு ஒரு சத்தம் குடுத்தா கையத் தூக்கிருவான். மத்தியானம் மீன் குழம்பு, சாயங்காலம் வீடு."

பைக் அறந்தாங்கியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பேசுவதற்காக ராக்கன் தலையைத் திருப்பியதும், பின்னால் இருந்த பிரகதீஸ்வரி அவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டினாள்.

"ரோட்டப் பாத்து ஓட்டு. இல்லன்னா நம்மளத் தேடுறதுக்கு வேற ஆளு வைக்கணும்."

பிரகதீஸ்வரி புதுக்கோட்டையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். ராக்கன் அவள் உதவியாளன். துப்பறிவது என்றால் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சிங்கப்பூரில் நிஜமாகவே வேலை இருக்கிறதா, முதல் கல்யாணம் ஏதாவது உண்டா. கொலை, கொள்ளை எதுவும் அவள் படியேறி வந்ததில்லை. இந்த முறை வந்தது ஒரு நாவல்.

நாவலின் பெயர் 'கரைக்காரி'. யாழ்ப்பாணத்தில் வெளியானது. எழுதியவர் என்று அட்டையில் இருந்த பெயர் நிலவழகன். புதுக்கோட்டைப் பக்கத்து அகதி முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, மூன்று வருடங்களுக்கு முன்பு ஊர் திரும்பியவன். புத்தகம் நன்றாகப் போனது. நார்வே மொழியில் வரப்போவதாகப் பேச்சு. அப்போதுதான் யாழ்ப்பாணத்து எழுத்தாளர் சங்கம் புதுக்கோட்டை எழுத்தாளர் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பியது: இது எங்கள் ஆள் எழுதியதாகத் தெரியவில்லை, உங்கள் கரையில் யாரோ எழுதியது, தேடித் தாருங்கள். தேடும் வேலையைப் புதுக்கோட்டைச் சங்கம் பிரகதீஸ்வரியிடம் ஒப்படைத்தது.

போன புத்தகத் திருவிழாவில் இரண்டு சங்கங்களும் ஓர் உடன்பாடு செய்திருந்தன. எந்தக் கரைக்காரரின் எழுத்து களவு போனாலும் மறுகரைச் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக நினைத்துக் கேட்கும். கைகுலுக்கிப் போட்டோ எடுத்தார்கள். இந்தப் பக்கத்தில் பலர் போட்டோவோடு அதை மறந்தார்கள். அந்தப் பக்கத்தில் மறக்கவில்லை. நார்வே நாட்டு எழுத்தாளர் சங்கமும் கூட நின்றது. ஆசிரியர் யார் என்று இரு கரைச் சங்கங்களும் சேர்ந்து சொல்லும்வரை தங்கள் உறுப்பினரான மொழிபெயர்ப்பாளர் ஒரு வரிகூட மொழிபெயர்க்க மாட்டார் என்று நிறுத்தி வைத்தது. அதுவும் வெள்ளிக்கிழமை வரைதான். அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் நிலவழகன் பெயரிலேயே ஒப்பந்தம். பிறகு எந்த ஊரில் யார் படித்தாலும் அது அவன் கதை.

இன்று செவ்வாய்க்கிழமை.

மணமேல்குடியில் டீ குடிக்க நிறுத்தியபோது பிரகதீஸ்வரியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம். நான் இன்னாசியம்மாள் கதைக்கிறன்."

யாழ்ப்பாணத்துச் சங்கத்தின் செயலாளர். பள்ளிக்கூட ஆசிரியை. ராக்கன் டீ கிளாசோடு போன் பக்கம் குனிந்தான்.

"டீச்சர், ஒரு சந்தேகம். அந்த நிலவழகன் இங்கிட்டு வளந்தவருதானே? இந்தக் கடலப் பாத்து அவரே எழுதியிருக்கலாம்ல?"

"எழுதியிருக்கலாம் தம்பி. ஆனா கதை நடக்கிறது எங்கட ஊரில எண்டெல்லோ போட்டிருக்கிறார். ஊர்ப்பேர் எங்கட பேர். கோயில் பேர் எங்கட பேர். படகு மட்டும் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகுது. எங்கட கரையில அப்பிடியொரு முறை இல்லை."

"அது எங்க கரை முறை" என்றாள் பிரகதீஸ்வரி. "விசைப்படகுக்கு அந்த மூணு நாளு. மிச்ச நாளு நாட்டுப் படகுக்கு."

"ஓம். முகாமில வளந்த பிள்ளை. கடலெண்டால் எங்கயும் இந்த மூண்டு நாள்தான் எண்டு நினைச்சிட்டார். ஊர்ப்பேரை மாத்தினவர், கிழமையை மாத்தேல்லை. கதை நடந்த இடம் உங்கட கரை எண்டு அதிலதான் தெரிஞ்சது."

"எங்க கிழமையெல்லாம் ஒங்களுக்கு எப்படி டீச்சர் தெரியும்?" ராக்கன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

டீச்சர் சிரிக்கவில்லை.

"அந்த மூண்டு நாளும் எங்கட ஆக்கள் வலை போடப் பயப்பிடுவினம் தம்பி. உங்கட இழுவைப் படகுகள் வந்து அறுத்துக்கொண்டு போகும். என்ர தம்பியின்ர வலை ரெண்டு தரம் போனது. மூண்டாந்தரம் அவன் வாங்கேல்லை. இப்ப கொழும்பில லொறி ஓடுறான்."

ராக்கன் சிரிப்பை நிறுத்தினான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்புறம் எதுக்குங்க எங்க ஊரு ஆளுக்காக இம்புட்டு மெனக்கெடுறீங்க?"

"வலை அறுத்ததுக்கு உங்களோட சண்டை பிடிப்பம். அது முடியேல்லை. இது எங்கட வீட்டுக்குள்ள நடந்த களவு. அந்தாளுக்கு இந்தக் கையாலதான் மாலை போட்டனான்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் நேரில கேட்டுப் பாத்தன். 'படகு போறதுக்கு முதல் நாள் அந்தப் பொம்பிளை ஏன் தலை சீவிறேல்லை' எண்டு. கதை முழுக்க அது வருது. அவருக்கு விடை தெரியேல்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்."

போனை வைத்ததும் பிரகதீஸ்வரி புத்தகத்தைப் பையில் போட்டாள். அதன் ஓரங்களில் பென்சில் கோடுகள் நிறைந்திருந்தன.

கோட்டைப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. நாளை புதன்கிழமை. டீசல் கேன்களை உருட்டிக்கொண்டு ஆட்கள் போனார்கள். ராக்கன் தன் திட்டப்படி வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போனான்.

"அண்ணே, இங்க கதை எழுதுற ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போன வாரம் டோக்கன் வாங்காமக் கடலுக்குப் போனவன் ஒருத்தன் அதிகாரிகிட்ட நல்லா கதை விட்டான். அவனைக் கூப்பிடவா?"

திரும்பி வந்த ராக்கனைப் பார்த்துப் பிரகதீஸ்வரி கேட்டாள். "என்ன, கையத் தூக்குனாங்களா?"

"ஓங்குனாங்க மேடம்."

"நீ ஆம்பளையத் தேடுற. அதான் கெடைக்கல. கடைசி அத்தியாயத்த இப்ப விடு. மத்ததுல எத்தனை தடவை படகு போகுது? போகுது, வருது, மறுபடி போகுது. ஒரு தடவையாவது நடுக்கடல் வருதா? வலை விழுறது, மீன் ஏறுறது, ஒண்ணுமே இல்ல. படகு கண்ணுக்கு மறைஞ்சா கதை கரைக்கே திரும்பிருது. இதச் சொன்னவ கடலுக்குப் போனதே இல்ல."

"சொன்னவளா? எழுதுனவன்னு சொல்லுங்க."

"எழுதலடா. ஒவ்வொரு அத்தியாயமும் முன்ன நடந்தத ரெண்டு வரி திருப்பிச் சொல்லித்தான் ஆரம்பிக்குது. எழுதுறவங்களுக்கு முன்பக்கத்தப் புரட்டிப் பாக்கலாம். வாயால சொல்றவளுக்குப் புரட்டப் பக்கம் ஏது? இன்னொண்ணு. எந்த அத்தியாயத்த எடுத்தாலும் நாளைக்குத்தான் படகு கெளம்புது. முந்துன நாளு மட்டும் உக்காந்து சொல்லியிருக்கா. ஞாயிறு, செவ்வாய், வெள்ளி."

"முந்துன நாளு என்ன விசேஷம்?"

பிரகதீஸ்வரி பதில் சொல்வதற்குள் துறைமுகத்துச் சந்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கடகடவென்று கல்லை அரைப்பதுபோல. பேச்சே கேட்கவில்லை. ராக்கன் காதைப் பொத்திக்கொண்டான். அவள் அவன் காதருகே வந்து கத்தினாள்.

"ஐஸ் அரைக்கிறாங்க! நாளைக்குப் போற படகுக்கு! புத்தகத்துல ஒவ்வொரு அத்தியாயமும் எப்படி முடியுது?"

ராக்கனுக்கு ஞாபகம் வந்தது. 'எங்கோ பனிக்கட்டி நொறுங்கும் ஓசை.' முன்னுரை எழுதிய பேராசிரியர் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார். நொறுங்கும் பெண் மனத்தின் குறியீடாம்.

"குறியீடுன்னாங்களே மேடம்!"

"மெஷின்டா! அவளால அதுக்கு மேல பேச முடியல!"

முதல் ஐஸ் கம்பெனியில் ஆபீசே இல்லை. மரத்தடியில் ஒரு மேஜையும் பீடி பிடிக்கும் ஒரு பெரியவரும்தான். இரண்டாவது கம்பெனியில் மெஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பில் போடும் மேஜையில் ஒரு பெண். முப்பதை ஒட்டிய வயது. முடியைச் சீவாமல் அள்ளி முடிந்திருந்தாள்.

ராக்கன் பிரகதீஸ்வரியின் முழங்கையை இடித்தான்.

"படகுப் பேரு சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். "எத்தனை பாரு ஐஸு? முழுக் கட்டியா, அரைச்சதா?"

"ஐஸ் வேணாம்மா. ஒரு கதையில ஒரு சந்தேகம்" என்றாள் பிரகதீஸ்வரி. "படகு போறதுக்கு முந்துன நாளு ஒரு பொண்ணு தலையே சீவ மாட்டா. ஏன்னு தெரியுமா?"

அந்தப் பெண்ணின் பேனா நின்றது.

"ஐஸ் தூளு தெறிச்சு தலை நனையும். நனைஞ்ச தலையில சீப்பு ஓடாது. வேற என்ன?" என்றவள், சொல்லி முடித்த பிறகுதான் பயந்தாள். "இத யாரு ஒங்களுக்குச் சொன்னா? இது நான் ஒருத்தருக்கு மட்டும் சொன்ன கதை."

அவள் பெயர் செவந்தி. நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"அவரு உசுரோட இருக்காரா?"

கேஸ் முடிந்த சந்தோஷத்தில் ராக்கன் முந்திக்கொண்டான். "உசுரா? ஜம்முன்னு இருக்காருங்க! ஒங்க கதையப் புத்தகமாப் போட்டு மாலை வாங்கிக்கிட்டு இருக்காரு. இனிமே வாங்க முடியாது. மாலை ஒங்களுக்குத்தான்."

இதை அவன் நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நிலவழகன் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்க முகாமிலிருந்து வந்தவன். ஊருக்குப் போய்க் காகிதமெல்லாம் சரிசெய்துவிட்டு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். முதலில் தினமும் பேசினான். பிறகு பேசவில்லை. இவள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டே இருந்தாள். சும்மா அழுதால் கேட்கமாட்டான் என்று ஒரு கதையாகச் சொன்னாள். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி மத்தியானங்களில், ஐஸ் அரைக்கத் தொடங்கும்வரை.

"ரெண்டு டிக்கு விழும். நீலமா மட்டும் மாறாது" என்றாள் செவந்தி. "போனு தொலைஞ்சிருக்கும், யாரோ எடுத்து வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். உள்ள புடிச்சுப் போட்டுருப்பாங்கன்னு நெனச்சேன். செத்துப்போயிருப்பாருன்னுகூட நெனச்சுப் பாத்தாச்சு. கேட்டிருப்பாருன்னு மட்டும் நெனைக்கல மேடம். கேட்டிருந்தா வந்திருப்பாருன்னு..."



பிரகதீஸ்வரி புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். செவந்தி முதல் பக்கத்தைப் படித்தாள். இன்னொரு பக்கம். உதடு அசைந்தது.

"சொன்னபடியே இருக்கு. நடுவுல இருமுவேன். அது மட்டும் இல்ல."

ஒவ்வொரு வார்த்தையையும் அவன் கேட்டிருக்கிறான். டிக் நீலமாகாதபடி வேறு போனுக்கு மாற்றி, திரும்பத் திரும்ப நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதியிருக்கிறான். இவ்வளவு கவனமாகக் கேட்ட ஒருவன் ஒரு வார்த்தை பதில் அனுப்பவில்லை. ராக்கன் தன் வாயை நினைத்து நொந்துகொண்டு ஷட்டர் பக்கம் போய் நின்றான்.

பிரகதீஸ்வரி இன்னாசியம்மாளைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் ஸ்பீக்கரில் செவந்தியிடமே பேசினார்.

"பிள்ளை, அந்தக் குரல் பதிவுகள் உங்களிட்ட இருக்கோ?"

"இருக்குங்க டீச்சர். எதையும் அழிக்கல."

"அது போதும். தேதியோட கிடக்கும். அதை அனுப்பினால் ரெண்டு சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு இண்டைக்கே நோர்வேக்கு அனுப்புவம். உங்கட பேர் வரும்."

செவந்தி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கதைக்கு முன்னாடி கொஞ்சம் பேசியிருப்பேன். எல்லாத்துலயும். அது... அவருகிட்ட மட்டும் பேசுனது. சங்கத்துல ஆம்பளையெல்லாம் உக்காந்து கேப்பாங்களா?"

"இல்லை. எனக்கு மட்டும் அனுப்புங்கோ. கதை தொடங்கிற இடத்திலயிருந்து வெட்டி எடுத்துத்தான் மற்றாக்களுக்குக் குடுப்பன். முன்னுக்கு இருக்கிறதை ஒருதரும் கேக்கமாட்டினம்."

"நீங்க கேப்பீங்கள்ல."

"வெட்டிறதுக்குக் கேக்கத்தானே வேணும், பிள்ளை." பொய் சொல்லி ஆறுதல்படுத்த டீச்சருக்கு மனம் வரவில்லை. "கேட்டுப்போட்டு வாய் திறக்கமாட்டன்."

செவந்தி போனை எடுத்தாள். ஒவ்வொரு பதிவாகத் தொட்டுத் தேர்ந்தெடுத்தாள். கீழே வர வர விரல் தயங்கியது. நிறுத்தவில்லை. கடைசிப் பதிவில் விரலை வைத்தபடி கேட்டாள்.

"மேடம், கதை எப்படி முடியுது?"

பிரகதீஸ்வரி புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். "அத அப்புறம் படிச்சுக்கலாம்மா."

"நான் முடிவே சொல்லல. கடைசியா அனுப்புனதுல அவருகிட்டதான் கேட்டேன். போன படகு திரும்பி வருதா இல்லையா, நீங்களே சொல்லுங்கன்னு. அதுக்கப்புறம் அனுப்புறத நிறுத்திட்டேன். அப்ப முடிவ யாரு சொன்னா?"

ராக்கன் பிரகதீஸ்வரியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"கடைசி அத்தியாயம் வேற கை" என்றாள் பிரகதீஸ்வரி. "அதுல மட்டும் நடுக்கடல் வருது. ஐஸ் சத்தம் வரல. அது அவரா எழுதுனது."

செவந்தி கையை நீட்டினாள். புத்தகத்தைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

நாலு பக்க அத்தியாயம். படகு அக்கரை சேர்கிறது. அவன் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். இக்கரையில் அவள் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு வேறொருவனைக் கட்டிக்கொள்கிறாள். இரண்டு பிள்ளைகள். கடைசி வரியைச் செவந்தி சத்தமாகப் படித்தாள்.

"'அவள் நன்றாக இருந்தாள்.'"

புத்தகத்தை மூடினாள்.

"கேட்டதுக்குப் பதிலு அனுப்பியிருக்காரு மேடம். எனக்குக் கல்யாணமும் பண்ணி வச்சிட்டாரு. ரெண்டு புள்ளைங்க வேற."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை ராக்கன் பார்த்திருக்க வேண்டாம். மாப்பிள்ளை விசாரணையில் கெட்ட செய்தி கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளில்கூட இப்படி யாரும் சிரித்ததில்லை. எந்த இடத்திலும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன், ஷட்டரின் துருவைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

போனில் இன்னாசியம்மாள் இன்னும் இருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

"பிள்ளை, உங்கட கதையில மற்றவர் ஒட்டினதைக் கழட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. அந்த அத்தியாயத்தைத் தூக்கச் சொல்லி எழுதிறன். முடிவில்லாத கதை எண்டு நோர்வேக்காரர் முகம் சுளிச்சாலும் சுளிப்பினம். அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். நாங்கள் மூண்டு சங்கமும் உங்களோட நிக்கிறம்."

செவந்தி தேர்ந்தெடுத்த பதிவுகளை டீச்சரின் நம்பருக்கு அனுப்பினாள். ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்க வேணாம் டீச்சர்."

"என்ன சொல்லுறீங்கள்?"

"அத நான் சொல்லல. அவரு எழுதுனது. அந்த நாலு பக்கத்துக்கு மேல அவரு பேரப் போட்டு அங்கேயே விடுங்க. என்னத்த அவரு எடுத்த மாதிரி அவரோடத நான் எடுக்கக் கூடாதுல்ல."

"அப்ப அட்டையில ரெண்டு பேரையும் போடுறதோ?"

ராக்கன் திரும்பிப் பார்த்தான். ஒரு ஆண் பெயரும் ஒரு பெண் பெயரும் சேர்ந்து ஒரே அட்டையில் வருவதைக் கல்யாணப் பத்திரிகையில்தான் அவன் பார்த்திருக்கிறான். செவந்திக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள மட்டும் போடுங்க" என்றாள். "அட்டையில என் பேரு மட்டும்."

"சரி பிள்ளை. அப்பிடியே செய்விப்பம்." இன்னாசியம்மாள் தயங்கினார். "நாளைக்கு அவரைச் சங்கத்துக்குக் கூப்பிட்டிருக்கிறம். நேரில காணுவன். ஏதும் சொல்லோணுமோ?"

வெளியே ஒரு படகுக்காரன் ஷட்டரைத் தட்டினான். செவந்தி எழுந்தாள். பில் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

"இல்லீங்க டீச்சர். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன். அவருதான் எல்லாத்தையும் கேட்டுட்டாரே."